ஐந்து உயிர்களும் ஐம்பொறிகளும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புராண படனத்திலும் பிரசங்கங்களிலும் நாம் பலமுறை கேட்ட ஓர் உவமை உண்டு. ஊற்றின்பத்தை நாடி யானை கெடும். சுவையை நாடி மீன் கெடும். நாற்றத்தை நாடி வண்டு கெடும். ஒளியை நாடி விட்டில் கெடும். ஓசையை நாடி அசுணம் கெடும். ஒரு பொறியினாலேயே ஓர் உயிர் அழியுமாயின், ஐந்து பொறிகளையும் அவிழ்த்து விட்டிருக்கும் மனிதன் கதி யாது என்று பிரசங்கியார் கேட்பார். சபையும் பெருமூச்சு விடும். நல்ல உவமைதான். அதன் நோக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும், அதற்குச் சாட்சியாக வந்த ஐந்து உயிர்களையும் தனித்தனியே அழைத்து, உமது கண் எத்தகையது, காது எத்தகையது என்று விஞ்ஞானத்தின் முன்னிலையில் விசாரித்தால் அவை என்ன சொல்லும்? இன்று நான் செய்ய எண்ணியது அவ்வளவே.

தமிழர்க்கு இந்த விசாரணை புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டே வகுக்கிறது. புல்லும் மரமும் ஊறு ஒன்றையே அறிவன. நத்தை முதலியவை நாவும் உடையன. எறும்பும் கறையானும் மூக்கோடு மூன்று. நண்டும் தும்பியும் கண்ணோடு நான்கு. விலங்குகள் செவியோடு ஐந்து. மக்கள் மனத்தோடு ஆறு. இதனை இன்றைய உயிர்நூலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எல்லாம் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று கைதட்டுவது எனக்கு உடன்பாடன்று. எறும்புகளிற் பலவற்றுக்குக் கண் உண்டு. ஆனால் வேலைக்காரக் கறையான்களிற் பெரும்பாலானவை குருடே. எறும்பின் வாழ்க்கை முழுவதும் மணத்தின் மேலேயே நடக்கிறது. புற்றின் அருகே குந்தியிருந்து நெடுநேரம் பார்த்த ஒருவர்தான் அந்தப் பகுப்பைச் செய்திருக்க வேண்டும். அந்தப் பார்வைக்கே என் வணக்கம்.

வண்டை முதலில் விரைவாக விசாரித்து விடுவோம். அது பூவை நாடுவது மணத்தால் மட்டும் அன்று. கார்ல் வொன் பிறிஷ் என்னும் அறிஞர் ஜேர்மனியிலே, சாம்பல் நிற அட்டைகள் பலவற்றின் நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதன் மேல் சர்க்கரை நீர் ஊட்டித் தேனீக்களைப் பழக்கினார். பின்னர் சர்க்கரை நீர் இல்லாத போதும் அவை நீலத்தையே தேடி வந்தன. தேனீக்கு நிறம் தெரியும் என்பது 1914இல் இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. சிவப்பு மட்டும் அதற்கு இருட்டு. அதற்கு ஈடாக, நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளி அதற்குத் தெரிகிறது. நமக்கு வெறும் மஞ்சளாகத் தோன்றும் பூக்கள் பலவற்றில், தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடுகள் தேனீக்கு மட்டும் விளங்குகின்றன. நாம் பறித்துச் சாத்தும் பூவை நாம் பாதிதான் பார்த்திருக்கிறோம்.

சிவப்பைப் பற்றி இன்னொரு சொல். சிவப்புத் துணியைக் கண்டால் காளை வெகுளும் என்பது வீண் பேச்சு. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புக் கலங்கள் மூவகை. மாட்டின் கண்ணில் இருவகையே. சிவப்பும் பச்சையும் அதற்குப் பெரிதும் வேறல்ல. துணியை ஆட்டுகிறானே, அந்த ஆட்டந்தான் அதற்குக் கோபம்.

இனி விட்டில். விளக்கின் அழகிலே மயங்கி அது தீயில் விழுகிறது என்பதே நாம் அறிந்தது. பூச்சிக்கு விளக்கின் மேல் காதல் இல்லை என்று சொன்னால் புலவர்கள் வருந்துவர், என் செய்வது! இங்கிலாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், மிக விரைந்து படம் பிடிக்கும் கமெராக்களைக் கொண்டு விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் படமெடுத்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது யாதெனில், பூச்சி விளக்கை நோக்கிப் பறக்கவே இல்லை. விளக்குக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டே பறந்தது. காரணம் எளிது. கோடானுகோடி இரவுகளாக, மேலே வெளிச்சம் இருந்தால் அது வானம், கீழே இருள் இருந்தால் அது பூமி. முதுகை வெளிச்சத்துக்குக் காட்டினால் உடல் நிமிர்ந்திருக்கும். அந்தச் சின்னஞ்சிறு மூளைக்கு மேல் கீழ் அறிய அது போதும். நாம் ஒரு விளக்கை ஏற்றி முற்றத்தில் வைத்தோம். அந்த உயிருக்கு வானம் பக்கத்துக்கு வந்துவிட்டது. முதுகை அங்கே திருப்பித் திருப்பி, வட்டமிட்டு, சில வேளை மல்லாந்து விழுகிறது. ஆசையால் கெட்டதன்று, திசை கெட்டது.

இதே விட்டில் இனத்தின் மூக்கை அறிந்தால் இன்னும் வியப்பீர்கள். பெண் பட்டுப்பூச்சி ஒரு மணத்தை வெளிவிடும். ஆண் தொலைவிலிருந்தே உணர்ந்து வரும். அந்தப் பொருள் எது என்று அறிய அடொல்ப் பியூட்டனன்ட் என்ற ஜேர்மன் இரசாயன அறிஞர் ஏறக்குறைய இருபது ஆண்டு உழைத்தார். 5 இலட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அவர் பிரித்தெடுத்தது சில மில்லிகிராமே. 1959இல் அதற்குப் பெயரிட்டார். ஆணின் உணர்கொம்பிலுள்ள ஒரு நரம்புக் கலத்தைத் தூண்ட அப்பொருளின் ஒரே ஒரு மூலக்கூறு போதும். அதற்கு மேல் நுண்மையான மூக்கு இருக்க இயலாது. ஒன்றிற் குறைந்த மூலக்கூறு கிடையாதன்றோ?

அசுணம் என்பது எந்த உயிர் என்று இன்று யாராலும் சுட்டிக் காட்ட முடியாது. யாழிசையில் மயங்கி வரும், பறையொலி கேட்டால் மாயும் என்பது இலக்கிய வழக்கு. அதற்குப் பதிலாக வேறு இரு சாட்சிகளை அழைக்கிறேன். ஒன்று, கோபுரத்துப் பொந்தில் வாழும் சிறு வெளவால். ஸ்பலன்சானி என்ற இத்தாலியப் பாதிரியார் 1793இல், கும்மிருட்டில் ஆந்தை கூடத் தடுமாறுகையில் வெளவால் தடுமாறாமையைக் கண்டார். கண் இழந்த வெளவாலும் பறந்தது. அடுத்த ஆண்டில் யூரீன் என்ற சுவிஸ் அறிஞர் அதன் காதை அடைத்துப் பார்த்தார், முட்டி மோதியது. காதால் பார்ப்பதா என்று உலகம் சிரித்தது. அக்கருத்து நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தூங்கியது. 1938இல் அமெரிக்காவின் ஹார்வாட் சர்வகலாசாலையில் டொனால்ட் கிறிபின் என்ற மாணவர், பேராசிரியர் பியர்ஸ் செய்திருந்த கருவியின் முன் வெளவாலைப் பிடித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நாம் நிசப்தம் என்று எண்ணிய இரவு முழுவதும் அது கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. எதிரொலியைக் கொண்டு வழியறிகிறது. செக்கனுக்கு 20,000 அதிர்வுக்கு மேல் நமக்குக் கேளாது. வெளவாலின் குரலோ அதனினும் பன்மடங்கு உயர்ந்தது. இலுப்பைப் பழம் தின்ன வரும் பெரிய வெளவால் இந்த வித்தையை அறியாது. அதற்குப் பெருங்கண்களும் மூக்குமே துணை.

20,000 என்றேன். அது இளைஞர் காதுக்கு. வயது ஏற ஏற மேல் ஓசைகள் ஒவ்வொன்றாக உதிரும். இம்மண்டபத்தில் 16,000 அதிர்வுள்ள ஊதல் ஒன்றை ஊதினால் பின்வரிசை இளைஞர் காதைப் பொத்துவர். முன்வரிசைப் பெரியோர் புன்னகையோடு இருப்பர்.

மற்றச் சாட்சி பாம்பு. தமிழில் அதற்குக் கட்செவி என்று பெயர். கண்ணே செவியாக உடையது என்பது பொருள். புறத்தே காது இல்லாமையைக் கூர்ந்து கண்டவர் இட்ட பெயர் அது. பாம்புக்குப் புறச்செவியும் இல்லை, செவிப்பறையும் இல்லை. ஆனால் உட்செவி உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய எலும்பு தாடையோடு தொடுத்திருக்கிறது. நிலத்தில் கிடக்கும் தாடை வழியே நம் காலடி அதன் உட்செவிக்கு ஏறுகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஓசைகளையும் அது உணரும் என்பதை, அவுஸ்திரேலியாவில் ஒலி புகாத அறையில் பாம்புகளை விட்டுச் சோதித்து 2023இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே முற்றச் செவிடு என்பதும் தவறு. மகுடிக்கு ஆடுகிறதே என்பீர்கள். பாட்டுக்கு அன்று, முகத்துக்கு நேரே ஆடும் குழலையும் கையையும் குறி வைத்து ஆடுகிறது. கட்செவி என்பதைத் தாடைச்செவி என்று மாற்றினால் சரியாகும்; ஆனால் பழைய பெயரின் அழகு வராது.

யானைக்கு வருவோம். பிடியைக் காட்டிக் களிற்றைக் குழியில் வீழ்த்துவது பழைய வழக்கம். ஆதலால் ஊற்றின்பத்துக்கு யானையை வைத்தார்கள். அதன் துதிக்கையில் எலும்பு ஒன்றேனும் இல்லை. மனித உடம்பு முழுவதும் அறுநூற்றுச் சொச்சம் தசைகள். துதிக்கை ஒன்றிலேயே 40,000 தசைக் கட்டுகள் என்பது பழைய கணக்கு, அதற்கும் மேல் என்பாரும் உளர். ஆனால் யானையின் தலையாய பொறி ஊறு அன்று, நாற்றம். 2014இல் ஜப்பானிய அறிஞர் ஆபிரிக்க யானையிடம் மணமறியும் மரபணுக்கள் ஏறக்குறைய 2,000 உண்டென்று எண்ணிக் கண்டார்கள். நாய்க்குச் சுமார் 800, நமக்கு 400. தாய்லாந்தில் மூடிய இரு வாளிகளில் கூடவும் குறையவுமாகச் சூரியகாந்தி விதைகளை இட்டு ஆசிய யானைகளின் முன் வைத்தார்கள். துளை வழியே மோந்த அளவிலேயே, கூடுதலாக இருந்த வாளியை அவை பெரும்பாலும் தெரிந்தெடுத்தன. மணத்தைக் கொண்டு அளவறிதல்! நம் கடைகளில் இத்தகைய மூக்கு இருந்தால் தராசுக்காரர் சிலர் தொழிலை விட நேரும்.

யானையின் செவியும் சாதாரணமன்று. 1984இல் கேற்றி பெயின் என்ற அம்மையார், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மிருகக்காட்சிச் சாலையில் யானைகளின் அருகே நின்றபோது காதுக்கு ஒன்றும் கேளாமலே காற்றில் ஒரு துடிப்பை உடம்பால் உணர்ந்தார். இளமையிற் கோயிற் பாடகர் குழுவில் நின்றபோது, பெரிய ஓர்கன் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரம் அப்படித்தான் அவர் உடம்பிற் படுமாம். கருவிகளைக் கொண்டு பதிந்து பார்த்ததில், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த குரலில் யானைகள் ஒன்றோடொன்று பேசுவது தெரிந்தது. பேசியவை ஆசிய யானைகள், நம் வன்னிக் காட்டு யானையின் இனம். அக்குரல் பல கிலோமீற்றர் செல்ல வல்லது. இதை அறிந்த பின், தனியே ஒரு யானையைச் சங்கிலியிற் கட்டி வைத்திருப்பதை என்னால் முன்போலப் பார்க்க முடிவதில்லை. அது பேசாமல் நிற்கிறது என்று நாம் எண்ணுகிறோம். கேட்பார் இல்லாத தொலைவை நோக்கி அழைத்துக்கொண்டும் நிற்கலாம்.

மீனுக்குச் சுவை என்றது பொருத்தமே. கெளிற்று மீனுக்கு நாவில் மட்டுமன்று, மீசையிலும் தோலெங்கும் சுவையரும்புகள் உண்டு. நமக்குச் சில ஆயிரம். பெரிய கெளிற்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேல். கலங்கிய குளத்தில் அது வாலாற் கூடச் சுவைத்துக்கொண்டு திரிகிறது. சுறாவுக்கும் திருக்கைக்கும் நமக்குப் பெயர் கூட இல்லாத இன்னொரு பொறி. சுறாவின் மூக்கடியில் ஊசித் துளைகள் போலப் புள்ளிகள் இருக்கும். லொரென்சினி என்ற இத்தாலியர் 1678இலேயே அவற்றை எழுதி வைத்தார், பயன் அறியாமல். 1971இல் கல்மைன் என்ற டச்சு அறிஞர் மணலுக்குள் மின்வாய்களைப் புதைத்து, ஒளிந்திருக்கும் மீனின் உடலில் எழும் அளவுக்கு நுண்ணிய மின்சாரத்தை விட்டார். சுறா வந்து அந்த வெறும் மணலைக் கடித்தது. உயிருள்ள எவ்வுடலும் சிறிது மின்சாரம் கசிகிறது. அதை அது மோப்பம் பிடிக்கிறது.

சுவை என்றதும் வீட்டுப் பூனையை மறக்கலாகாது. பூனைக்கு இனிப்புத் தெரியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு அந்த இனம் முழுவதிலும், புலி உட்பட, பழுதுபட்டிருப்பதை 2005இல் கண்டார்கள். பாலைத் திருடுவது கொழுப்புக்காக. கிளியின் கதை இதனினும் சுவையானது. மிளகாய்த் தோட்டம் செய்பவர்களுக்குக் கிளியின் தொல்லை தெரியும். பழுத்த மிளகாயை அது கற்கண்டு போல் தின்னும். அதன் மனோதிடம் அன்று. அதற்குக் காரம் உறைப்பதே இல்லை. அறுசுவையுள் கார்ப்பை ஒன்றாக எண்ணி வந்தோம். உண்மையில் காரம் நாவின் சுவையன்று, ஊறு. 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்த நம் நரம்பில் ஒரு வாயில் உண்டு. மிளகாயின் சத்து அதே வாயிலைத் திறந்து விடுகிறது. மூளை நெருப்பென்றே நம்புகிறது. அமெரிக்கரான டேவிட் யூலியஸ் 1997இல் இதனைக் கண்டார். 2021இல் நோபல் பரிசும் பெற்றார். பறவைகளின் வாயில் சிறிது வேறானது, மிளகாய்க்குத் திறவாது. பற்களால் விதையை அரைத்துவிடும் எலி முதலியவற்றை மிளகாய் விரட்டுகிறது. விதையைச் சேதமின்றித் தூரக் கொண்டுபோய்ப் போடும் பறவைகளை விட்டு விடுகிறது. நாம் மட்டுமே உறைப்பதற்காகவே தின்னும் விசித்திரப் பிராணி.

இந்த வாயிலுக்கு நெருங்கிய உறவான இன்னொன்றே பச்சை விரியனின் முகத்தில் வேலை செய்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே அதற்கு ஒரு குழி இருக்கும். நாகத்துக்கு அது இல்லை. இருட்டிலே எலியின் உடற்சூட்டை அக்குழியாற் காணும். ஒரு பாகையின் ஆயிரத்திற் சில கூறளவு வேறுபாடும் அதற்குத் தெரியும். 1937இல் அமெரிக்காவில் இத்தகைய குழியுடைய பாம்புகளின் கண்ணை மறைத்து விட்டுப் பார்த்தார்கள். சூடான மின்குமிழைத் தவறாமற் கொத்தின.

இனி, அந்த ஐந்து சாட்சிகளையும் ஒருங்கே நிறுத்திப் பாருங்கள். அசுணத்துக்கு யாழை வாசித்துப் பறையை அடித்தவன் யார்? யானைக்குக் குழி வெட்டியவன் யார்? விளக்கை ஏற்றியவன் யார்? தூண்டிலில் இரை கோத்தவன் யார்? தாமரை கூம்பியதால் சிக்கிய வண்டு ஒன்று நீங்கலாக, நான்கிலும் மனிதன் கை இருக்கிறது. அவற்றின் பொறி அவற்றை ஏமாற்றவில்லை. ஆறாவது அறிவு ஏமாற்றியது. பிரசங்கியார் இதைச் சொல்வதில்லை.

பழங்கதை என்று விடுவதற்கும் இல்லை. கடலாமைக் குஞ்சு இரவிலே முட்டையை விட்டு வெளிவந்ததும், வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும். இயற்கையில் அது கடல். உலகத்து ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. கரையோர விடுதியின் விளக்கு பின்னால் எரிந்தால் குஞ்சு தெருவை நோக்கி ஊர்கிறது. நம் திருவிழாவிலும் தீபாவளியிலும் கொளுத்தும் வெடிக்கு நாய் கட்டிலின் கீழ் ஒடுங்குவது கோழைத்தனமன்று. 45,000 அதிர்வு வரை கேட்கும் காது அது. வாலிலே வெடி கட்டும் இளைஞர் இச்சங்கத்தில் இல்லை என்று நம்புகிறேன். ஒலிபெருக்கியைப் பற்றி இதற்கு மேற் பேசினால் நிர்வாக சபையாருக்கு என் மேல் மனத்தாங்கல் வரும். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் யோசிக்க அவகாசம் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

மனிதனின் பொறிகள் அவ்வளவு இழிந்தனவா என்று நீங்கள் கேட்கக் கூடும். குறையும் உண்டு, நிறைவும் உண்டு. குறையை இப்போதே காட்டுகிறேன். இடக்கண்ணை மூடுங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டி, பெருவிரல்களை நிமிர்த்திச் சேர்த்து வையுங்கள். வலக்கண்ணால் இடப் பெருவிரலையே பார்த்தபடி, வலப் பெருவிரலை மெல்ல வலப்புறம் நகர்த்துங்கள். ஒரு சாண் விலகுமுன்னே அதன் நகம் மறைந்து போகும். மரியொற் என்ற பிரெஞ்சு அறிஞர் 1660களில் கண்டுபிடித்த குருட்டிடம் இது. நம் கண்ணின் நரம்புகள் விழித்திரையின் முன்புறம் ஓடி, ஒரு துளை வழியே பின்னே போகின்றன. அத்துளையிற் பார்வை இல்லை. சந்தையிற் கிடக்கும் கணவாய்க்கு இக்குறை கிடையாது. மரக்கறி உண்போர் உதாரணத்தைப் பொறுத்தருள்க. அதன் நரம்புகள் விழித்திரையின் பின்னாலேயே ஓடுகின்றன. மூன்று இருதயமும், செம்பு கலந்த நீல இரத்தமும் வேறு அதற்குண்டு. நொடிக்கு நொடி நிறம் மாறும் அந்தக் கணவாய்க்கு நிறம் தெரியாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதன் கண்ணில் ஒளியுணரும் நிறப்பொருள் ஒன்றே.

நிறைவுக்கு விரல்நுனி சாட்சி. சுவீடனில் 2013இல் நடத்திய பரிசோதனையில், ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 13 கூறளவே உயர்ந்த மடிப்புள்ள பரப்பையும் மழமழப்பான பரப்பையும் விரல் வேறு பிரித்தறிந்தது. மூக்கும் நாம் இகழும் அளவுக்கு மோசமன்று. 2007இல் கலிபோர்னியாவில் புல்வெளியில் சொக்கொலேற் மணமூட்டிய கயிற்றை இட்டு, 32 பேரைக் கண்ணையும் காதையும் கட்டி, மோந்துகொண்டு தவழ விட்டார்கள். 21 பேர் நாயைப் போலவே வளைந்து வளைந்து தடம் பிடித்துப் போனார்கள். பழகப் பழக வேகமும் கூடியது.

கோடை கழிந்து முதல் மழை விழும்போது எழும் மண்வாசனை உங்களுக்குத் தெரியும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்யும் ஒரு பொருளே அந்த மணம். 1965இல் அதற்கு ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். இலட்சம் கோடி துளி நீரில் பத்துத் துளி கலந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அடுத்த மாரிக்கு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கருவி ஒன்றும் வேண்டியதில்லை, வீட்டு முற்றம் போதும். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதை என் கட்புலனும் கண்டுவிட்டது.